முப்பத்தேழு மடிப்புகள்

ஜலஜாவின் தும்மல் நின்றுபோனதை முதலில் கவனித்தவர் அவளுடைய கணவர் வெங்கி.

“என்னடி, ஒரு மாசமா ஆத்துல சத்தமே இல்லையே? சாயங்காலம் உள்ள நுழைஞ்சதும் வரிசையா பத்து தும்மல் போடுவே. எதிர் ஃப்ளாட் மாமி அதைக் கேட்டுட்டுத்தான் குக்கர் வைப்பா.”

“கார்டெல்லாம் மூட்டை கட்டியாச்சு. தூசியும் அதோட போயிடுத்து,” என்றாள் ஜலஜா. செருப்பைக் கழற்றிவிட்டு நேராகச் சமையலறைக்குப் போனாள். மூட்டு வலிக்கவில்லை. இதையும் அவர் கவனிக்கட்டும் என்று வாயைத் திறக்கவில்லை.

அவளுக்கு ஐம்பத்தொரு வயது. பிறந்தது டில்லியில், கோல் மார்க்கெட் பக்கத்து அரசாங்கக் குவார்ட்டர்ஸில். அப்பா சுந்தரேசன் ஏதோ ஒரு அமைச்சகத்தில் குமாஸ்தாவாகச் சேர்ந்து, அதே அறையில், வேறு நாற்காலியில் ஓய்வு பெற்றவர். ஜலஜா மோதி பாக் பள்ளிக்கூடத்தில் தமிழும் ஹிந்தியுமாகப் படித்து, இருபத்தெட்டாவது வயதில் ஒரு டிஸ்பென்சரியில் பதிவு கவுன்டரில் உட்கார்ந்தாள். ரயில் பாதையை ஒட்டிய ஜுக்கிக் குடிசைகளுக்கும் குவார்ட்டர்ஸ் மதில் சுவருக்கும் நடுவே இரண்டரை அறை. அரை அறை என்பது மூட்டைகள் கிடக்கும் இடம். ஜுக்கியில் பாதிப் பேர் விழுப்புரம், சேலம் பக்கத்திலிருந்து எப்போதோ வந்தவர்கள். மீதிப் பாதி பீகார். தமிழ்க்காரர்கள் அவளை சிஸ்டர் என்பார்கள், மற்றவர்கள் தீதி என்பார்கள். அவள் நர்ஸ் இல்லை. திருத்திப் பார்த்துவிட்டு முதல் வருடமே விட்டுவிட்டாள்.

இருபத்துமூன்று வருடம் அவளுடைய வேலை கார்டு தேடுவது. ஆளுக்கு ஒரு மஞ்சள் அட்டை, ஐயாயிரத்து எண்ணூறு அட்டைகள், ஆறு இரும்பு ராக்குகள். யாருக்கும் தன் நம்பர் ஞாபகம் இருக்காது. “தண்ணி டேங்க் பக்கத்து வூடு சிஸ்டர்,” என்பார்கள். முகத்தைப் பார்த்து, எந்த வருடம் முதலில் வந்தார்கள் என்று யோசித்து, ஸ்டூலில் ஏறி எடுத்து வருவாள். அதற்குள் வரிசையில் இரண்டு சண்டை நடந்து முடிந்திருக்கும். மழைக்காலத்தில் கரையான். கோடையில் மின்விசிறியைப் போட்டால் அட்டைகள் பறக்கும், போடாவிட்டால் அவள் உருகுவாள்.

ஆகவே ஜனவரியில் கம்ப்யூட்டர் வரப்போகிறது என்றதும், “ஜலஜா தீதிதான் பாவம்,” என்று மேலதிகாரி தயங்கித் தயங்கிச் சொன்னபோது அவளுக்குச் சிரிப்பு வந்தது. பாவமா? ராக்குகளை இன்றைக்கே எடுத்துப் போகச் சொல்லுங்கள் என்றாள்.

ஒரு கம்பெனியிலிருந்து இரண்டு பேர் வந்து ஒன்பது நாள் உட்கார்ந்தார்கள். ஒருவர் பெயர், வயது, ரத்த அழுத்தம், சர்க்கரை எல்லாவற்றையும் தட்டினார். மற்றவர் அட்டைகளை ஸ்கேன் செய்தார். மூலை மடங்கிய அட்டைகள் இயந்திரத்தில் சிக்கிக்கொண்டன. அவர் சலிக்காமல் ஒவ்வொரு மூலையையும் பிரித்து, இரும்பு அடிக்கோலால் தேய்த்துத் தேய்த்துச் சமமாக்கினார். ஜலஜா அதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். இவ்வளவு பொறுமையான மனுஷனா என்று தன் கையால் அவருக்கு டீ கொண்டுபோய்க் கொடுத்தாள்.

அதன் பிறகு நோயாளி வந்து போன் நம்பர் சொன்னால் போதும். திரையில் ஆள் வருவார், டோக்கன் வெளியே வரும். பதினோரு மணிக்கெல்லாம் வரிசை கரைந்துவிடும். புது டாக்டர் ஸ்நேகாவும் அதே ஜனவரியில்தான் வந்து சேர்ந்தாள். முப்பது வயது, மீரட் பக்கத்துப் பெண், குரலே வெளியே வராது. அவள் மஞ்சள் அட்டையைக் கண்ணால் பார்த்ததில்லை. பார்க்க வேண்டிய அவசியமும் இல்லை என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள்.

மார்ச் மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை. அன்று கூட்டம் அதிகம், பன்னிரண்டேகாலுக்குத்தான் வரிசை முடிந்தது. மருந்துக் கவுன்டரில் இருக்கும் பிரசன்னா அன்றைய பட்டியலை எடுத்துக்கொண்டு வந்தான். அவனுக்கு ஊர் ஈரோடு. டில்லிக்கு வந்து பன்னிரண்டு வருடமாகியும் அவன் பேச்சில் ஈரோடு அசையவில்லை.

“அக்கா, படிக்கறனுங்க, சரியான்னு பாருங்க. ரமாவதி, இரும்புச் சத்து. சோட்டேலால், சர்க்கரை மாத்திரை. முத்தம்மா, அமாக்ஸிசிலின், அஞ்சு நாளைக்கு…”

ஜலஜாவின் விரல் கீபோர்டில் நின்றுவிட்டது.

“என்னங்க்கா?”

“தெரியலை. முத்தம்மாவுக்கு என்ன?”

“பல்லு வீங்கிக் கெடக்குதுங்க. மூஞ்சி ஒரு பக்கம் பூசணிக்காயாட்டம் இருந்துச்சு. நீங்கதானே டோக்கன் போட்டீங்க.”

டோக்கன் போட்டது அவள்தான். அப்போது ஒன்றும் தோன்றவில்லை. இப்போது அந்த இரண்டு பெயரும், ஆளின் பெயரும் மருந்தின் பெயரும், ஒன்றாகக் காதில் விழுந்ததும் எங்கோ இடித்தது. என்ன என்று சொல்லத் தெரியவில்லை. முத்தம்மாவின் பக்கத்தைத் திறந்தாள். ஒவ்வாமை என்ற கட்டத்தில் ‘இல்லை’ என்றிருந்தது. கீழே பழைய அட்டையின் படம். அதைப் பெரிதாக்கினாள்.

வலது மேல் மூலையில், குறுக்கே, மெல்லிய சாம்பல் கோடு.

“ஐயோ,” என்றாள் ஜலஜா. “மடிச்ச கார்டு.”

“அப்படின்னா?”

அவளுக்கு அதை யாரிடமும் விளக்கிப் பழக்கமில்லை. முன்பிருந்த டாக்டர் கௌதமன், ஒருவரைப் பற்றி முக்கியமாக ஏதாவது இருந்தால் அட்டையின் பின்பக்கத்தில் எழுதுவார். எழுதியதைத் திருப்பிப் பார்க்க அவருக்கே ஞாபகம் வராது. ஒரு தடவை விபரீதமாகப் போக இருந்தது. அன்றிலிருந்து பின்பக்கம் எழுத்து இருந்தால் ஜலஜா மூலையை நகத்தால் அழுத்தி மடித்துவிடுவாள். மடிப்பைக் கண்டால் அவர் திருப்புவார். பதினைந்து வருடம் அப்படியே ஓடியது. யாரும் அதை எங்கும் எழுதி வைக்கவில்லை. கம்பெனி ஆட்கள் முன்பக்கத்தை மட்டும்தான் எடுத்தார்கள். அடிக்கோலால் தேய்த்தது வெறும் காகிதத்தை இல்லை. அதற்குத்தான் அவள் டீ கொடுத்திருக்கிறாள்.

“பின்பக்கம் என்ன எழுதியிருக்கு?”

“ஞாபகம் இல்லைடா! எல்லாம் ஞாபகம் இருந்தா எதுக்கு மடிக்கிறேன்?”

அதற்குள் சத்தம் கேட்டு ஸ்நேகா வெளியே வந்துவிட்டாள். ஜலஜா ஹிந்தியில், பாதி வாக்கியங்களில் சொல்லி முடித்தாள். ஸ்நேகாவின் முகம் வெளுத்தது.

“நான் கேட்டேனே, தீதி. ஏதாவது மருந்து ஒத்துக்காதான்னு கேட்டேன். தலையை ஆட்டி இல்லைன்னாங்க.”

“அவ என்ன புரிஞ்சுண்டாளோ. முதல்ல போன் போடலாம்.”

பதிவில் இருந்த நம்பர் முத்தம்மாவின் மகனுடையது. பின்னால் இயந்திரச் சத்தம். சோனிபத்தில் ஏதோ தொழிற்சாலையில் இருந்தான்.

“அம்மாவா? அது வேலைக்குப் போயிருக்கும். போன்லாம் வெச்சிக்காது.”

“எந்த வீட்டுல வேலை, சொல்லுப்பா.”

“மோதி பாக் குவார்ட்டர்ஸ்னு தெரியும். எந்த வூடுன்னு தெரியாதே. ஏன், அம்மாவுக்கு இன்னா?”

“ஒண்ணுமில்லை. மாத்திரை மாத்திக் கொடுக்கணும்,” என்றாள் ஜலஜா. தன் குரல் இவ்வளவு சாதாரணமாக வரும் என்று அவளுக்கே தெரியாது.

முத்தம்மா கிளம்பி ஒன்றே முக்கால் மணி நேரம் ஆகியிருந்தது. சாப்பிட்ட பிறகு போட்டுக்கொள் என்று பிரசன்னா சொல்லியிருந்தான். வீட்டு வேலைக்குப் போகிறவர்கள் எப்போது சாப்பிடுவார்கள்? எந்த வீட்டில் எப்போது கொடுக்கிறார்களோ அப்போது. ஸ்நேகா அவசர ஊசிப் பெட்டியை எடுத்துக்கொண்டாள். “சலோ தீதி,” என்று அவள் சொன்னது தெருவுக்கே கேட்டது. மூன்று மாதத்தில் முதல் தடவை.

பிரசன்னா மூட்டை அறைக்குள் நுழைந்தான். “நீங்க போங்க. நான் அட்டையைத் தேடறேன். நம்பர் சொல்லுங்க.”

“ரெண்டாயிரத்து நூத்திப் பதினாலு.”

இ-ரிக்‌ஷா குவார்ட்டர்ஸ் வாசலைத் தொடுவதற்குள் அவனுடைய போன் வந்தது. மூச்சு வாங்கினான்.

“கெடச்சிருச்சுங்க்கா. நூறு நூறாக் கட்டி வெச்சிருந்தாங்க, நல்லவேளை. பென்சிலின் ஊசி, ரெண்டாயிரத்துப் பதினாறு. உதடு வீங்கிருச்சு, மூச்சு அடைச்சுது, பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினதுன்னு எழுதியிருக்குது. கீழ ரெண்டு கோடு வேற போட்டிருக்காரு.”

அமாக்ஸிசிலினும் அதே குடும்பம். ஸ்நேகாவிடம் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அவள் பெட்டியை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

குவார்ட்டர்ஸில் நானூறு வீடு இருக்கும். காவலாளிக்கு முத்தம்மா என்ற பெயரே வாயில் நுழையவில்லை. வேப்பமரத்தடியில் இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தவரிடம் ஜலஜா கேட்டாள். “மதராஸி பாயி, வீட்டு வேலை செய்யறவ, ஒரு கன்னம் வீங்கியிருக்கும்.”

“அச்சா, அவங்களா! காலைலயே பார்த்துக் கேலி பண்ணினேன், வாயில லட்டு வெச்சிருக்கியான்னு. மூணாவது பிளாக், முதல் மாடி, கடைசிக் கதவு.”

ஜலஜா படி ஏறி எத்தனையோ வருடமாகிறது. மூட்டைப் பற்றி நினைக்கவில்லை. கதவு திறந்தே இருந்தது. வீட்டுக்கார அம்மாள் யாரென்று கேட்பதற்குள் இரண்டு பேரும் சமையலறை வாசலில் நின்றார்கள். முத்தம்மா தொட்டிக்கு முன்னால் நின்று கடாயைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். கன்னம் காலையில் இருந்த அளவுக்கே இருந்தது. உதடு உதடாகவே இருந்தது.

“சிஸ்டர்? நீ இன்னா இங்க?”

“மாத்திரை! மாத்திரை எங்க?”

முத்தம்மா ஈரக் கையைப் புடவையில் துடைத்துவிட்டு, இடுப்பிலிருந்து மாத்திரைப் பட்டையை எடுத்து நீட்டினாள். ஒரு குழி காலி.

ஸ்நேகா பெட்டியைத் திறக்கப் போனாள். ஜலஜா பட்டையைப் பிடுங்கிக்கொண்டாள். “எப்போ போட்டே? சொல்லு, எப்போ?”

“நான் எங்க போட்டேன்? கீழ் வூட்டுக் கமலாவுக்குத் தலைவலின்னா. ஒண்ணு குடுத்தேன்.”

“நீ போடலையா?”

“எப்படிப் போடறது? இன்னிக்குச் செவ்வாக்கிழம. மாரியாத்தாளுக்கு ஒரு பொழுது. விளக்கு வெச்சப்புறம்தான் வாயில சோறு வெப்பேன். சாப்பிட்டுட்டுப் போடுன்னு அந்த மருந்துக்காரத் தம்பி சொல்லிச்சே. சாயந்திரம் போட்டுக்கலாம்னு முடிஞ்சு வெச்சேன்.”

ஜலஜா சமையலறை நிலையைப் பிடித்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அவள் ஒருநாளும் யார் வீட்டிலும் இப்படி உட்கார்ந்ததில்லை. ஸ்நேகாவுக்குத் தமிழ் தெரியாது. ஆனால் ஜலஜாவின் முகத்தைப் பார்த்து விஷயம் புரிந்துவிட்டது. பெட்டியை மூடிவிட்டு அவளும் பக்கத்தில் உட்கார்ந்தாள். வீட்டுக்கார அம்மாள் இரண்டு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்தாள்.

“பதினாறுல ஊசி போட்டு உனக்கு மூச்சு அடைச்சுதே, ஏன் டாக்டர்கிட்ட சொல்லலை?” என்றாள் ஜலஜா, கொஞ்சம் மூச்சு வந்ததும்.

“அது ஊசி சிஸ்டர். எனக்கு ஊசிதான் ஆவாது. இது மாத்திர தானே?”

“ரெண்டும் ஒண்ணுதான். அக்கா தங்கச்சி மாதிரி.”

“அப்போ என் கொழுந்தன் பொண்டாட்டிங்க மாதிரின்னு சொல்லு. ரெண்டுமே எனக்கு ஆவாது,” என்று முத்தம்மா வீங்கிய வாயோடு சிரித்தாள். வலியில் உடனே கன்னத்தைப் பிடித்துக்கொண்டாள்.

கீழ் வீட்டில் கமலாவையும் போய்ப் பார்த்தார்கள். அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை. தலைவலிகூடப் போய்விட்டது என்று சாதித்தாள். ஸ்நேகா அவளிடம் ஐந்து நிமிஷம் கோபமாகப் பேசினாள். மெல்லிய குரலில் கோபம் எடுபடவில்லை.

முத்தம்மாவுக்கு வேறு மருந்து எழுதிக் கொடுத்துவிட்டு டிஸ்பென்சரிக்குத் திரும்பும்போது மணி இரண்டு. சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமல் ஸ்நேகா கேட்டாள்: “தீதி, இன்னும் எத்தனை பேர்?”

அதுதான் ஜலஜாவுக்குத் தெரியாது. இருபதா, ஐம்பதா? ஒவ்வொரு நாளும் அவர்கள் வந்துகொண்டிருப்பார்கள். ‘இல்லை’ என்ற கட்டத்தை நம்பி ஸ்நேகா எழுதிக்கொண்டிருப்பாள்.

“எண்ணிடலாம்,” என்றாள். “கோடு தெரியறதே. படமெல்லாம் பார்த்தா போறும்.”

அன்று பிற்பகல் தொடங்கி நான்கு பிற்பகல்கள், டிஸ்பென்சரியைச் சாத்திய பிறகு, மூன்று திரைகளில் மூன்று பேரும் உட்கார்ந்து ஐயாயிரத்து எண்ணூறு வலது மூலைகளைப் பார்த்தார்கள். ராக்குகளில் இதைச் செய்ய வேண்டுமென்றால் ஒரு மாதம் ஆகியிருக்கும், தும்மலோடு சேர்த்து. இங்கே விரலால் தள்ளினால் அடுத்த மூலை வந்து நின்றது. பிரசன்னாவுக்கு முதலில் எல்லாமே மடிப்பாகத் தெரிந்தது. ஈரக்கறை, கிழிசல், யாரோ டீ சிந்தியது எல்லாவற்றுக்கும், “அக்கா, கோடு!” என்று கத்தினான். ஜலஜா நாற்காலியை நகர்த்தி வந்து ஒரு பார்வை பார்த்துவிட்டு, “இது என் நகம் இல்லை,” என்று போய்விடுவாள். முதல் நாளே ஸ்நேகா கம்பெனிக்கு எழுதினாள். அடுத்த வாரத்துக்குள் ஒவ்வாமைக் கட்டத்தில் ‘இல்லை’ தானாக வருவது நின்று, ‘கேட்கவில்லை’ என்று வர ஆரம்பித்தது. கேட்டுவிட்டுத்தான் இனி மாற்ற முடியும்.

கடைசியில் முப்பத்தேழு மடிப்புகள் தேறின.

கட்டுகளைப் பிரித்து அட்டைகளை எடுத்தார்கள். தூசியில் ஜலஜா தும்மத் தொடங்கினாள். பென்சிலின் ஒன்பது பேர். சல்ஃபா மருந்து பதினொன்று. ஒரு வலி ஊசி ஒத்துக்கொள்ளாதவர்கள் நான்கு பேர். ஒருவருக்கு வலிப்பு, ஒருவருக்கு ஒரே சிறுநீரகம், மற்ற பத்துப் பேருக்கு ஆளுக்கு ஒன்று. அவள் வாசிக்க வாசிக்க ஸ்நேகா சிவப்புக் கட்டத்தில் ஏற்றினாள். ஒவ்வொன்றும் ஏறும்போது ஜலஜாவின் தோளிலிருந்து யாரோ ஒரு பையை இறக்கி வைப்பது போலிருந்தது. இத்தனை வருடம் அதைச் சுமந்துகொண்டிருந்தோம் என்பதே இறக்கும்போதுதான் தெரிந்தது. தனக்கு ஒரு வாரம் காய்ச்சல் வந்து, வேறு யாராவது கவுன்டரில் உட்கார்ந்திருந்தால்? அந்த நாட்களை அவள் பின்னோக்கி எண்ணிப் பார்த்து, எண்ணுவதை நிறுத்திக்கொண்டாள்.

முப்பத்தாறு ஏறிவிட்டது. ஒன்று கிடைக்கவில்லை.

ஜம்பு. எழுபத்திரண்டு வயது, பியூனாக இருந்து ஓய்வு பெற்றவர், ரத்த அழுத்த மாத்திரைக்கு மாதாமாதம் வருபவர். அவருடைய நூறு அட்டைக் கட்டே மூட்டைகளில் இல்லை. ஸ்நேகா தன் பதிவைப் பார்த்துவிட்டு உதட்டைக் கடித்தாள். போன வாரம்தான் அவருக்கு ஒரு புது மாத்திரை ஆரம்பித்திருந்தாள்.

“அவர்கிட்டயும் எல்லாம் கேட்டேன். எல்லாத்துக்கும் சரின்னு தலையாட்டினார்.”

போன் போட்டார்கள். அடித்துக்கொண்டே இருந்தது. மறுபடி. ஆறு தடவை. எடுக்கவில்லை. வீட்டு முகவரி பழையது. ஜுக்கியில் பாதியை இடித்த பிறகு அந்தச் சந்தே இல்லை. இந்தத் தடவை எந்த விரதமும் காப்பாற்ற வராது.

பிரசன்னா மூட்டை அறையைத் தலைகீழாக்கினான். கடைசி ராக்கைச் சுவரிலிருந்து நகர்த்தியபோது, பின்னால் விழுந்து செருகிக்கொண்டிருந்த கட்டு தொப்பென்று கீழே வந்தது. ஜலஜா நின்றபடியே கயிற்றைப் பல்லால் அறுத்தாள். அட்டையை எடுத்துத் திருப்பினாள். வாசித்தாள். பிறகு அதை ஸ்நேகாவிடம் நீட்டினாள். டாக்டர் கௌதமனின் கிறுக்கல் ஆங்கிலம்தான்.

‘காது கேட்காது. உரக்கப் பேசவும். புரியாவிட்டாலும் தலையாட்டுவார்.’

முதலில் சிரித்தது ஸ்நேகா. அவள் இப்படிச் சிரிப்பாள் என்று இரண்டு பேருக்கும் தெரியாது. கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். “மூணு மாசமா அவருக்கு உப்பைக் குறைங்க, நடங்கன்னு பாடம் எடுத்தேன்! அரே, அதான் போனும் எடுக்கலை!” பிரசன்னா ராக்கின் மேல் தலையைச் சாய்த்துக்கொண்டான். ஜலஜா சிரிப்புக்கும் தும்மலுக்கும் நடுவே மாட்டிக்கொண்டு இரண்டையும் செய்தாள்.

சனிக்கிழமை காலையில் ஜம்பு தானாகவே வந்து நின்றார். வெள்ளைச் சட்டை, கையில் மடக்குக் குடை, நல்ல ஆரோக்கியம். ஜலஜா கவுன்டரிலிருந்தே எழுந்து, வரிசை முழுக்கத் திரும்பிப் பார்க்கும்படி கத்தினாள்.

“ஜம்பு சார்! புது மாத்திரை! ஒத்துக்கறதா?”

“தலைசுத்தல் இல்லீங்களே?” என்று பிரசன்னா மருந்துக் கவுன்டரிலிருந்து அதற்கு மேல் கத்தினான்.

ஜம்பு இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு காதைத் திருப்பிக் காட்டினார். காதுக்குப் பின்னால் தோல் நிறத்தில் சின்னதாக ஒரு கருவி.

“பொங்கலுக்குப் பொண்ணு வாங்கிக் குடுத்திருச்சு. அந்த டாக்டரம்மா எவ்ளோ மெதுவாப் பேசினாலும் கேக்குது, எல்லாம் புரியுது. உப்பையும் கொறைச்சிட்டேன். நீங்க ரெண்டு பேரும் எதுக்கு ஊரைக் கூட்டறீங்க?”

“அப்போ போனை ஏன் எடுக்கலை? ஆறு தடவை அடிச்சோமே!”

“தெரியாத நம்பர்னா எடுக்காதேன்னு அதே பொண்ணுதான் சொல்லி வெச்சிருக்கு. காசைப் புடுங்கிடுவாங்களாமே.”

ஜலஜா ஜம்புவை உள்ளே அழைத்துப் போனதும் ஸ்நேகா திரையைத் திருப்பி அவள் பக்கம் தள்ளினாள். முந்தின நாள் ஏற்றிய ‘காது கேட்காது’ என்ற சிவப்பு வரி அங்கே இருந்தது. “இதை நீங்களே எடுத்திடுங்க, தீதி.”

ஜலஜா அந்த வரியைத் தொட்டாள். நிச்சயமாக நீக்கவா என்று கம்ப்யூட்டர் கேட்டது. அவள் ஜம்புவைப் பார்த்து, மிக மிக மெதுவான குரலில் கேட்டாள்:

“நீக்கிடட்டுமா சார்?”

“தாராளமா,” என்றார் ஜம்பு.